வழுக்க வேண்டிய தரை

யாரும் கேட்காமலேயே "நான் ஒரு டிஜே" என்று சொல்லிக்கொள்கிறவனை நம்பக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். ஆக்லாந்தில் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நானேதான்.

வார நாட்களில் எனக்கு பென்ரோஸில் ஒரு கிடங்கில் வேலை. கார் பேட்டரி எத்தனை இருக்கிறது, வைப்பர் எத்தனை இருக்கிறது என்று எண்ணி வைக்கிற வேலை. வார இறுதியில் மட்டும் டிஜே. த்ரீ கிங்ஸ் பக்கத்துத் தமிழர்கள் இதைக் கேள்விப்பட்டு ஆரம்பத்தில் பிறந்தநாளுக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் கூப்பிட்டார்கள். "குத்துப் பாட்டெல்லாம் வெச்சிருக்கீங்கல்ல?" என்பார்கள். "இல்லைங்க, நான் சோல் மட்டும்தான்" என்று கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன். அதற்கப்புறம் அவர்கள் கூப்பிட மாட்டார்கள். பிழைக்கத் தெரியாதவன் என்று பேசிக்கொண்டதாகக் கேள்வி.

சோல் என்பது அறுபதுகளில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் பாடி வைத்த பாட்டு. காதலி விட்டுவிட்டுப் போய்விட்டாள், வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று பாடுவார்கள். ஆனால் தாளம் கல்யாண வீடு மாதிரி துள்ளும். இந்த ஊரில் அதற்கென்றே ஒரு சின்னக் கூட்டம் உண்டு. பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அறுபதைத் தாண்டிய வயது, அகலக் கால்சட்டை, தோலில் அடிப்பாகம் வைத்த வழுவழு ஷூ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டபம் பிடித்து, ஒற்றைக் காலில் பம்பரமாகச் சுற்றுவார்கள். அவர்களுக்கு நடுவில் திருச்சிக்காரன் நான் ஒருவன், தோளில் ஒரு பெட்டி இசைத்தட்டோடு.

அந்த இசைத்தட்டுகள்தான் வீட்டில் பிரச்சினை. விரித்த உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் கறுப்புத் தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. அப்படி எழுநூற்றுச் சொச்சம் சேர்த்து, வாடகை வீட்டின் சின்ன அறையில் அடுக்கி வைத்திருந்தேன். மனைவி காயத்ரிக்கு அப்போது ஏழாம் மாதம்.

"குழந்தை வர்றதுக்குள்ள அந்த ரூம் காலியாகணும்" என்றாள்.

"இதையெல்லாம் எங்க வைக்கிறது?"

"கராஜ்ல."

ஆக்லாந்துக் குளிர்காலத்தில் கராஜ் என்பது கதவு போட்ட குளம். போன வருஷம் அங்கே வைத்த என் தோல் செருப்பில் பச்சையாகப் பூஞ்சை முளைத்து, அறுவடைக்குத் தயாராக இருந்தது. காகித உறையில் இருக்கிற தட்டுகள் ஒரு ஜூலை மாதத்தைக்கூடத் தாங்காது. நான் கெஞ்சினேன். அவள் யோசித்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"மாசாமாசம் உங்களைக் கூப்பிடுறாங்கன்னா அது வேலை. வேலைன்னா ஒரு அலமாரி அந்த ரூம்ல இருக்கலாம். இல்லைன்னா அது பொம்மை. பொம்மை வெச்சு விளையாட அந்த ரூமுக்கு வேற ஆள் வருது."

நியாயமான தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

மாதாமாதம் கூப்பிடக்கூடிய ஒரே ஆள் பேரி. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஹென்டர்சனில் ஒரு மண்டபத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு மத்தியானம் சோல் நிகழ்ச்சி நடத்துகிறவர். அவரிடம் போய் நின்றேன். அந்த வார இறுதியில் அவருக்கு இரண்டு நிகழ்ச்சிகள் இருந்தன. சனிக்கிழமை ஹாமில்டனில் ஒரு பௌலிங் கிளப்பில் சின்னதாக ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஹென்டர்சனில் பெரியது. இரண்டிலும் போடச் சொன்னார். "எனக்கு ஒரே கணக்குத்தான்" என்றார். "ஞாயிற்றுக்கிழமை உன் நேரத்தில் தரை நிறைய ஆள் இருந்தால் மாதாமாதம் உனக்கு ஒரு மணி நேரம். தரை காலியானால் கை குலுக்கிப் பிரிந்துவிடுவோம்."

சனிக்கிழமை காலை நான் கிளம்புவதை எப்படியோ தெரிந்துகொண்டு, பக்கத்து யூனிட் ரஞ்சினி அக்கா வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், காயத்ரிக்கு இந்த ஊரில் இருக்கிற ஒரே துணை. கையில் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா.

"தம்பி, ஹமில்டன் போறியளாம். போற வழிதானே. என்ர மச்சாளிட்டை இதைக் குடுத்துவிடுங்கோ."

"ஐஸ்கிரீம் உருகிடாதாக்கா?"

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஐஸ்கிரீம் இல்லைத் தம்பி. கறித்தூள்."

தமிழர் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருக்காது. பிஸ்கட் டின்னில் பிஸ்கட் இருக்காது, ஊசி நூல் இருக்கும். இது இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்கும் அன்று காலை நன்றாக நினைவூட்டப்பட்டது. அது மறுநாள் காலை வரை ஏன் நிற்கவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்காத ஒன்று.

போகிற வழியில் பாம்பே ஹில்ஸ் என்கிற மேட்டில் ஏறும்போது டப்பா மூடி கழன்று, இசைத்தட்டுப் பெட்டி முழுக்கக் கறித்தூள் வாசனை. அக்காவின் மச்சாள் டீ குடிக்காமல் விடமாட்டேன் என்று அரை மணி நேரம் உட்கார வைத்தார். வியர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தேன். ஆனால் நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. பதினோரு பேர் ஆடினார்கள். ஒரு அம்மையார் ஆட்டத்தை நிறுத்தி, கிளப் சமையலறையில் இன்றைக்கு என்ன சமைக்கிறார்கள், பசிக்கிறதே என்று மட்டும் விசாரித்தார்.

அங்கேதான் பேரி அந்தக் காரியத்தைச் செய்தார். ஆட்டம் சூடு பிடித்ததும் பையிலிருந்து முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடர் டின்னை எடுத்து, மரத் தரையில் கோழிக்குத் தீவனம் போடுகிற மாதிரி தூவினார். வழுவழு ஷூ வழுக்கிச் சுற்றுவதற்காக. இது இவர்கள் ஊர் வழக்கமாம், தலைமுறை தலைமுறையாக இருக்கிறதாம். ஆட்டம் முடிந்ததும் பெருக்கிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பவுடருக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

டின் காலியானதும் பேரி அதை ஆட்டிப் பார்த்தார். "நாளைக்கு வேறு வாங்க வேண்டும்."

"நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்றேன். "பவுடர் விஷயத்தை எங்களிடம் விடுங்கள். நாங்கள் பவுடரிலேயே வளர்ந்தவர்கள்."

இதை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது காயத்ரியும் ரஞ்சினி அக்காவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். கோயில் முடித்து, சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு நேரே மண்டபத்துக்கு வருவதாக ஏற்பாடு. நான் இசைத்தட்டு போடுவதைக் காயத்ரி அதுவரை ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை. அதனால் சட்டைக்கு இரண்டு முறை இஸ்திரி போட்டேன். குளியலறைப் பவுடர் டின் ஏறக்குறையக் காலி. கடைக்குப் போக வேண்டுமா என்று யோசித்துக்கொண்டே வாசலுக்கு வந்தால், செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டில் இன்னொரு பவுடர் டின். தூக்கினேன். கனமாக, நிறைய இருந்தது. செருப்பு ஸ்டாண்டில் பவுடர் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. ஷூவுக்குள் போடுவதற்காக இருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். டின்னைப் பையில் போட்டு, வாசலில் போட்டிருந்த கோலத்தை மிதித்துவிடாமல் கவனமாகத் தாண்டி (அந்த அளவுக்குப் பண்பாடு தெரிந்தவன்) காரில் ஏறினேன்.

மண்டபத்தில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். வெளியே ஆக்லாந்து வழக்கப்படி வெயில், மழை, வெயில், மழை. என் நேரம் மூன்று மணி. அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் நானே தரையில் இறங்கி, எல்லோரும் பார்க்கும்படி பவுடர் தூவினேன். பேரி மாதிரி கஞ்சத்தனமாக இல்லை. விருந்தோம்பல் நம் ரத்தத்தில் இருக்கிறது, முழு டின்னையும் தட்டிக் கவிழ்த்தேன்.

பேரி குனிந்து விரலில் தொட்டு முகர்ந்தார். "வாசனையே இல்லையே?"

"இந்தியப் பவுடர்" என்றேன். "இயற்கையானது."

முதல் பாட்டுக்கு அது அற்புதமாக வழுக்கியது. ஒரு பெரியவர் சுற்றிய சுற்றில் அவர் மனைவி கைதட்டினார். இரண்டாவது பாட்டுக்குத் தரை நிறைந்துவிட்டது. நான் காதில் ஹெட்போனோடு, சின்ன அறையில் அலமாரி எந்தச் சுவரில் நிற்கும் என்பதுவரை யோசித்துவிட்டேன்.

மூன்றாவது பாட்டின்போது பெரிய மழை ஒன்று அடித்தது. வாசலில் நின்று புகைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சொட்டச் சொட்ட உள்ளே ஓடி வந்து, ஈரக் காலோடு நேரே தரைக்குப் போனார்கள். ஒருவர் கையிலிருந்த பீர் டம்ளரும் சாய்ந்தது. ஆட்டத்தில் ஏதோ மாறுவது எனக்குத் தெரிந்தது. சுற்றியவர்கள் பாதியில் நின்றார்கள். வழுக்கியவர்கள் நடந்தார்கள். நடந்தவர்கள் ஒவ்வொரு காலாகப் பிய்த்து எடுத்தார்கள், ஒவ்வொரு முறையும் 'பச்' என்று ஒரு சத்தம். பேரி ஒரு காலை வீசித் திரும்பினார். பேரி திரும்பிவிட்டார், ஷூ திரும்பவில்லை. அது தரையிலேயே நின்றது. அவர் ஊதா நிறச் சாக்ஸோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரோ ஒரு நல்ல மனிதர் சமையலறையிலிருந்து வாளியில் வெந்நீரும் மாப்பும் கொண்டுவந்து தேய்த்தார். வெந்நீர் பட்டதும் அது இன்னும் கெட்டியாகி, பளபளவென்று கூழாகி, மாப்பைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கூழை நான் பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று மட்டும் ஞாபகம் வரவில்லை. ஒவ்வொருவராகத் தரையை விட்டு ஓரத்துக்குப் போனார்கள். என் நேரத்தில் பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. தரை காலி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, இதில் மறைக்க ஒன்றுமில்லை. கராஜில் என் தட்டுகள் பச்சையாக முளைப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு காயத்ரியும் ரஞ்சினி அக்காவும் வந்தார்கள். காயத்ரி பட்டுப்புடவை கட்டியிருந்தாள், எனக்காக. அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள், பிறகு என் மேசைமேல் இருந்த பவுடர் டின்னைப் பார்த்தாள்.

"ஏங்க" என்றாள். "அது செருப்பு ஸ்டாண்ட்ல இருந்த டின்னா?"

"ஆமா."

"அது கோலமாவுங்க."

ரஞ்சினி அக்கா குனிந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "ஓம், அரிசி மா. இவர் இந்தச் சனத்துக்குத் தோசை சுட்டிருக்கிறார்."

நான் ஹெட்போனைக் கழற்றினேன். "கோலமாவை யாராவது பவுடர் டின்ல வைப்பாங்களா?"

"குனிய முடியலைன்னுதான் மூணு மாசமா அதுல போட்டு வெச்சிருக்கேன். டப்பால கையை விட்டு விட்டு எடுக்க வேணாம், தட்டினா விழும். அதுக்கு முன்னாடி ஹார்லிக்ஸ் பாட்டில்ல இருந்துச்சு. நாலு வருஷமா தினம் கோலம் போடுறேன், அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போறீங்க. மாவு எதுல இருக்குன்னு ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. கிடங்கில் எத்தனை வைப்பர் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் வீட்டு வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி குனியத் திணறுவதை நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் காதில் ஹெட்போன் இருக்கும். எனக்கு அப்போது ஏற்பட்ட வெட்கம், நாற்பது வெள்ளைக்காரர்கள் முன்னால் மானம் போன வெட்கம் அல்ல. அது வேறு, இன்னும் கொஞ்சம் உள்ளே போய்க் குத்துகிற வகை.

காயத்ரி அதற்குமேல் என்னிடம் நேரத்தை வீணாக்கவில்லை. வெந்நீர் வாளிக்காரரை நோக்கிக் கையை நீட்டினாள். "நோ வாட்டர்" என்றாள். அந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

அவளுக்கு இது புது வேலையே இல்லை. ஆக்லாந்து மழையில் எங்கள் வாசல் கோலம் தினமும் நனைந்து, சிமெண்டில் அப்பளமாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டு ஏஜெண்ட் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும்போது, படியில் இதென்ன வெள்ளைப் படலம் என்று கேட்பார். அதனால் அவள் அதை எப்படி எடுப்பது என்பதில் நாலு வருஷ அனுபவசாலி. ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும், தேய்க்கக் கூடாது. ஹீட்டரைத் திருப்பிக் காய விட வேண்டும். காய்ந்த பிறகு தோசைத் திருப்பியால் படுக்கை வாட்டில் சுரண்டினால் ஏடு ஏடாக வரும்.

மண்டபத்துச் சமையலறையில் தோசைத் திருப்பி மாதிரியே மீன் புரட்டுகிற கரண்டிகள் ஏழு இருந்தன. ரஞ்சினி அக்கா அவற்றை விநியோகம் செய்தார். கரண்டி கிடைக்காதவர்கள் பாங்க் கார்டை எடுத்தார்கள். ஹீட்டர்கள் நான்கையும் தரைப் பக்கம் திருப்பினார்கள். பட்டுப்புடவையும் ஏழு மாத வயிறுமாகக் காயத்ரி நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, விரலைக் காட்டக் காட்ட, அகலக் கால்சட்டைக்காரர்கள் முட்டி போட்டு இறங்கினார்கள். ஒற்றைச் சாக்ஸோடு பேரியும்.

நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். காயத்ரி திரும்பிப் பார்த்தாள்.

"சும்மா ஏன் நிக்குறீங்க? பாட்டுப் போடுங்க."

"ஆடுறதுக்கு யாருமே இல்லையே?"

"ஆடுற பாட்டா கேட்டேன்? அவங்கல்லாம் வேலை பாக்குறாங்க. மெதுவா ஏதாவது போடுங்க."

மெதுவான பாட்டுகளை நான் யாருக்கும் போட்டதில்லை. அவை வீட்டில் தனியாக இருக்கும்போது கேட்பதற்காக வாங்கியவை. பழக்க தோஷத்தில் பெட்டியின் கடைசியில் செருகி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். கறித்தூள் வாசனையோடு ஒரு குரல், நீ போன பிறகு விளக்கை அணைக்கவே இல்லை என்கிற மாதிரி பாடியது. தரையில் நாற்பது பேர் அந்தத் தாளத்துக்கு ஒரே சீராகச் சுரண்டினார்கள். பாதியில் ஒரு அம்மையார் வேலையை நிறுத்தி, கரண்டியை மார்போடு வைத்துக்கொண்டு, இது என் கணவருக்குப் பிடித்த பாட்டு என்று காயத்ரியிடம் சொன்னார். காயத்ரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பாட்டில் ஒரு வரி புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் முடியும்வரை கேட்டாள்.

நான்கு மணிக்குத் தரை பளிச்சென்று இருந்தது. பேரி ஷூவை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். கை குலுக்கத்தான் வருகிறார் என்று நினைத்து, நானே கையை நீட்டிவிட்டேன்.

அவர் கையைக் கொடுக்கவில்லை. "என் கணக்கு ஒன்றுதான் என்று சொன்னேன் அல்லவா" என்றார். "உன் நேரத்தில் தரை நிறைய ஆள் இருந்தார்கள். யாரும் நிற்கவில்லை, எல்லோரும் முட்டி போட்டிருந்தார்கள், அது வேறு விஷயம். இந்த மண்டபத்தில் மெதுவான பாட்டை ஒருவர்கூட வெளியே போகாமல் கேட்டது இதுதான் முதல் தடவை. கடைசி ஒரு மணி நேரம் மாதாமாதம் நீ போடு. மெதுவானது மட்டும்." பிறகு காயத்ரியைக் காட்டி, "அவரையும் அழைத்து வா" என்றார்.

காரில் திரும்பும்போது ரஞ்சினி அக்கா பின் சீட்டில் தூங்கிவிட்டார். நான் மெதுவாக ஆரம்பித்தேன். "அப்ப அந்த அலமாரி..."

"இருக்கட்டும்" என்றாள் காயத்ரி. "ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. அந்த வேலை உங்களுக்குக் கிடைச்சது இல்ல, எனக்குக் கிடைச்சது. எனக்கு முடியாததால உங்களை அனுப்புறேன்."

அதற்குப் பதிலாக அவள் போட்ட நிபந்தனை, குழந்தை பிறக்கும்வரை வாசலில் நான்தான் கோலம் போட வேண்டும் என்பது. குழந்தை பிறந்து நாலு வருஷம் ஆகிவிட்டது, அந்த நிபந்தனையை இன்னும் யாரும் ரத்து செய்யவில்லை. என் புள்ளிகள் வரிசையில் நிற்பதில்லை. ஏஜெண்ட் போன முறை வந்தபோது, படியில் ஏதாவது சிந்திவிட்டதா என்று கேட்டார்.

இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. எந்தப் பொடியையும் நாக்கில் ஒரு சிட்டிகை வைத்துப் பார்க்காமல் நான் தரையில் தூவுவதில்லை. மண்டபத்துக்குப் புதிதாக வந்த மேனேஜர், ஒரு டிஜே மூலையில் நின்று வெள்ளைப் பொடியை நக்கிப் பார்ப்பதைக் கண்டு, பேரியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பேரி விளக்கம் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

முதல் ஞாயிறு தோறும் நான் இசைத்தட்டுப் பெட்டியோடு கிளம்பும்போது, எங்கள் மகள் செருப்பு ஸ்டாண்டின் பக்கத்தில் பவுடர் டின்னைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூத்து அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அம்மாவும் ரஞ்சினி அக்காவும் சொல்லிச் சொல்லி, தானே அங்கே இருந்த மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு. தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். இந்த ஒரு கேள்வியில் மட்டும் நம் சமையலறை வார்த்தை ஒன்று வரும்.

"அப்பா, டான்ஸ் ஆர் டிஃபன்?"

நான் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.